மணலில் ஒளிந்து வாழும் செங்காந்தள்

(அனகாபுத்தூரில் சிறு உழவர்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நெல்லையும் கடலையையும் கீரையையும் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். இன்று அவற்றைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, யாரும் விதைக்காமல், யாரும் நீர் பாய்ச்சாமல் வேலியோரத்திலும் மணல்மேட்டிலும் தானாக முளைத்துப் பூக்கும் ஒரு கொடியைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அதுதான் செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர் இதுவே. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களின் வரிசையில் முதலில் நிற்பதும் இதுவே.

இலக்கியம் இதை மலைப்பூவாகச் சொன்னாலும், ஊர் மக்கள் இதற்கு வேறு பல பெயர்கள் வைத்திருக்கிறார்கள். கார்த்திகை மாதத்தை ஒட்டிப் பூப்பதால் கார்த்திகைப்பூ என்பார்கள். கிழங்கு கலப்பையைப் போல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு என்பார்கள். பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்ற நம்பிக்கையால் கண்வலிக் கிழங்கு என்றும் சொல்வதுண்டு. மூலிகை வியாபாரிகளிடம் கண்வலிக் கிழங்கு என்றால்தான் புரியும்.

இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் செங்கல்பட்டு, தாம்பரம் பக்கத்து வேலிகளிலும் புதர்களிலும் இந்தப் பூவைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். இன்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏன் குறைந்தது, அதைக் காக்க ஒரு சிறு உழவரால் என்ன செய்ய முடியும், பயிராக வளர்க்க நினைப்பவர் எதை எதைக் கவனிக்க வேண்டும் என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

மணலில் வாழும் முறை

பாலைநிலத்தில் செடிகள் எப்படி வாழ்கின்றன என்று முதலில் பார்ப்போம். இராசஸ்தானத்துத் தார்ப் பாலைவனத்தில் மழை பெய்யும் நாட்கள் மிகக் குறைவு. அங்குள்ள பூச்செடிகளில் ஒரு வகை, மழை பெய்தவுடன் முளைத்து, சில வாரங்களுக்குள் பூத்து, விதையை மணலில் உதிர்த்துவிட்டு மடிந்துவிடும். இன்னொரு வகை, வறட்சிக் காலம் முழுவதும் நிலத்துக்கடியில் கிழங்காகப் படுத்திருந்து, மழை வந்ததும் தலை தூக்கும்.

நம் தமிழ்நாட்டில் பாலைவனம் இல்லை. ஆனால் மணற்காடுகள் உண்டு. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் செம்மண் தேரிகள் இருக்கின்றன. நாகப்பட்டினம் மாவட்டத்தில் வேதாரண்யத்தைச் சுற்றிக் கடலோர மணல்மேடுகள் இருக்கின்றன. வேதாரண்யப் பகுதி செங்காந்தளுக்குப் பெயர் பெற்றது. ஆப்பிரிக்காவிலும் மணல்மேடுகளிலும் புதர்க்காடுகளிலும் இதே கொடி வளர்கிறது. அங்கே சிம்பாப்வே நாட்டின் தேசிய மலர் இதுதான்.

மணலில் நீர் தங்காது என்பது நமக்குத் தெரியும். பல பயிர்களுக்கு அது குறை. செங்காந்தளுக்கு அதுவே பாதுகாப்பு. இதன் கிழங்கு சதைப்பற்றானது. நீர் தேங்கினால் அழுகிவிடும். வடிகால் நன்றாக உள்ள மணலிலும் செம்மண்ணிலும் அது கெடாமல் பல மாதம் உறங்கும். தை, மாசியில் கொடி காய்ந்து விழுந்துவிடும். அதன்பின் ஆனி, ஆடி மழை வரை மேலே ஒரு அடையாளமும் இராது. அந்த இடத்தில் செடி இருந்ததா என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். முதல் நல்ல மழை பெய்ததும் முளை வெளிவரும்.

கொடியின் இலைநுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகிப் பக்கத்துச் செடியைப் பிடித்து ஏறும். பூ மலரும்போது பசுமை கலந்த மஞ்சளாக இருந்து, பின் மஞ்சளும் சிவப்புமாகி, கடைசியில் முழுச் சிவப்பாக மாறும். ஆறு இதழ்களும் மேல்நோக்கி வளைந்து நெருப்புக் கொழுந்து போல நிற்கும். பூவின் சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக மடங்கிப் பக்கவாட்டில் நீண்டிருக்கும். மகரந்தப் பைகள் ஒரு பக்கம், சூல்முடி இன்னொரு பக்கம். ஆகவே தன் மகரந்தம் தன் மேல் எளிதில் படாது. வண்ணத்துப்பூச்சியோ தேன்சிட்டோ வந்து தொட்டுச் சென்றால்தான் காய் பிடிக்கும்.

ஏன் அரிதாகிறது?

இங்கேதான் ஒரு கணக்கைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

செங்காந்தள் கிழங்கு கவட்டை வடிவில், இரண்டு கைகளுடன் இருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைதான் உண்டு. உருளைக்கிழங்கைப் போல உடலெங்கும் கண்கள் கிடையாது. நுனி ஒடிந்தால் அந்தக் கை பயனற்றது. பருவ முடிவில் பழைய கிழங்கு சுருங்கி அழியும். அதனிடத்தில் புதிய கவட்டைக் கிழங்கு உண்டாகும். ஆக, எல்லாம் நன்றாக நடந்தாலும் ஆண்டுக்கு ஒன்று இரண்டாகும். அதற்கு மேல் பெருகாது.

விதையிலிருந்து வளர்க்கலாமே என்று கேட்பீர்கள். விதை முளைக்க வெகுநாள் எடுக்கும். முளைத்த செடி பூக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும்.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். ஒரு ஏக்கரில் செங்காந்தளைப் பயிரிட ஏறக்குறைய 800 கிலோ கிழங்கு வேண்டும். நல்ல விதைக்கிழங்கு 50 முதல் 60 கிராம் எடை இருக்கும். அப்படியானால் ஒரு ஏக்கருக்கு 13,000 முதல் 16,000 கிழங்குகள் தேவை. கையில் 10 கிழங்குகளோடு தொடங்கி, ஒன்றுகூட அழுகாமல், ஒரு நுனிகூட ஒடியாமல் ஆண்டுதோறும் இரட்டித்தாலும், பத்தாண்டுக்குப் பிறகு 10,240 கிழங்குகள்தான் இருக்கும். ஒரு ஏக்கருக்கு அதுவும் போதாது.

அதனால்தான் கிழங்குக்கு விலை அதிகம். அதனால்தான் காட்டிலும் மணல்மேட்டிலும் போய்த் தோண்டி வருகிறார்கள். ஒரு ஏக்கர் நடுவதற்காகப் பல ஆயிரம் காட்டுக் கொடிகள் ஒரே பருவத்தில் வேரோடு போய்விடுகின்றன. இரண்டே நாளில் ஒரு மேட்டைக் காலி செய்யலாம். அது திரும்ப நிறைய பல ஆண்டுகள் ஆகும். காப்புக்காட்டில் அனுமதியின்றித் தோண்டுவது சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

காட்டுக் கிழங்கு வாங்கி நடுவது உழவருக்கும் இலாபம் அல்ல. எடை குறைந்த கிழங்கு முதலாண்டில் பூக்காமலே போகலாம். பல இடத்துக் கிழங்கு கலந்து வரும்போது அழுகல் நோயும் கூடவே வரும். தோண்டுபவர் அவசரத்தில் நுனியை ஒடித்திருப்பார். காசு கொடுத்து வாங்கிய கிழங்கு முளைக்காது.

உலகம் ஏன் இதைத் தேடுகிறது?

இதன் கிழங்கிலும் விதையிலும் கோல்சிசின் என்ற மருந்துப் பொருள் இருக்கிறது. கிழங்கைவிட விதையில் இது கூடுதலாக உள்ளது. ஐரோப்பாவில் கோல்சிக்கம் என்னும் வேறொரு கிழங்குச் செடியிலிருந்து 1820-ஆம் ஆண்டு இதை முதலில் பிரித்தெடுத்தார்கள். கால் பெருவிரல் மூட்டு வீங்கிச் சிவந்து வலிக்கும் கௌட் என்னும் மூட்டு நோய்க்கு இது பழைய மருந்து. தசைப்பிடிப்புக்குத் தரும் தயோகோல்சிகோசைடு மருந்தும் இந்த விதையின் சத்திலிருந்து செய்யப்படுகிறது. 2023-ஆம் ஆண்டு அமெரிக்காவில், இதயநோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பைக் குறைக்கவும் மிகக் குறைந்த அளவில் கோல்சிசின் கொடுக்க அனுமதி வழங்கினார்கள்.

பயிர் ஆராய்ச்சிக்கும் இது உதவியது. 1937-ஆம் ஆண்டில் கோல்சிசினைக் கொண்டு செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க முடியும் என்று கண்டார்கள். கோடையில் நீங்கள் சந்தையில் பார்க்கும் விதையில்லாத் தர்பூசணி அந்த வழியில் வந்ததுதான்.

மருந்துத் தொழிலுக்கு விதை தேவைப்பட்டதால் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம் முதலிய பகுதிகளில் உழவர்கள் இதைத் தோட்டப் பயிராகவே வளர்க்கிறார்கள். விதைக்காக வளர்ப்பதில் ஒரு நன்மை உண்டு. காயைப் பறித்துக்கொண்டு கிழங்கை நிலத்திலேயே விட்டுவிடலாம்; கொடி அழிவதில்லை.

பயிர் செய்ய நினைப்போருக்கு

சாகுபடி முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நிலம்: வடிகால் உள்ள செம்மண், மணற்பாங்கான செம்மண் உகந்தவை. களிமண்ணும் நீர் தேங்கும் தாழ்நிலமும் ஆகா.

நடவு: ஆனி, ஆடி மாதங்கள் ஏற்றவை. கடைசி உழவில் ஏக்கருக்கு 4 டன் தொழு உரம் இட்டு, வரிசைக்கு வரிசை 60 செ.மீ., கிழங்குக்குக் கிழங்கு 45 செ.மீ. இடைவெளியில் நட வேண்டும். முளை நுனி மேல்நோக்கி, அடிபடாமல் இருக்க வேண்டும்.

பந்தல்: கொடி படர ஆதாரம் வேண்டும். கிளுவை, விராலி போன்றவற்றை நட்டு அவற்றின் மேல் ஏற்றிவிடுவது பழைய முறை. கம்பிப் பந்தல் போடுவோரும் உண்டு. பந்தலுக்கு ஆகும் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மகரந்தம் சேர்த்தல்: பூச்சிகளை மட்டும் நம்பினால் காய் குறையும். காலை 8 மணி முதல் 11 மணிக்குள் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து மற்றொரு பூவின் சூல்முடியில் தொட்டுவிட வேண்டும். பூவுக்குப் பூ செய்ய வேண்டிய இந்த வேலைக்குத்தான் ஆள் கூலி அதிகம். வீட்டு ஆட்களைக் கொண்டு செய்யும் சிறு உழவருக்கே இது கட்டுப்படியாகும்.

பூச்சி: கறுப்பு உடலில் வெள்ளைப் புள்ளியும் செம்புள்ளியும் கொண்ட ஒரு புழு இலையையும் மொட்டையும் தின்னும். தொடக்கத்திலேயே கையால் பொறுக்கி அழித்தால் மருந்துச் செலவு மிஞ்சும்.

அறுவடை: ஐந்து, ஆறு மாதத்தில் காய் முற்றும். காயின் பச்சை நிறம் மங்கித் தோல் சுருங்கத் தொடங்கும்போது பறித்து, நிழலில் ஒரு வாரத்துக்கு மேல் உலர்த்தினால் காய் வெடித்து விதை பிரியும். நன்கு பராமரித்த ஏக்கரில் ஏறக்குறைய 80 முதல் 100 கிலோ உலர்ந்த விதை எதிர்பார்க்கலாம்.

விற்பனை: இதை மிகவும் யோசிக்க வேண்டும். நெல்லையோ காய்கறியையோ விலை விழுந்தால் வீட்டில் சமைத்துச் சாப்பிடலாம். இதை அப்படிச் செய்ய முடியாது. மருந்துத் தொழிலுக்கு வாங்குவோர் மட்டுமே வாங்குவார்கள். விலை ஒரு வருடம் ஏறும், மறு வருடம் சரியும். ஆகையால் வாங்குவோரைத் தெரிந்துகொள்ளாமல், கடன் வாங்கிக் கிழங்கு நடாதீர்கள். தொடக்கத்தில் 100 கிழங்குகள் போதும். ஆண்டுதோறும் இரட்டித்தால் ஏழாண்டில் 12,800 ஆகும். நடைமுறையில் சில அழுகும், சில ஒடியும். இன்னும் இரண்டொரு ஆண்டு கூடுதலாகும். அதற்குள் உங்களுக்குப் பயிரும் பழகிவிடும், சந்தையும் தெரிந்துவிடும். காட்டிலிருந்து ஒரு கிழங்கும் தோண்ட வேண்டியதில்லை.

விஷம் என்பதை மறவாதீர்

மருந்தாகும் அதே பொருள்தான் நஞ்சும் ஆகிறது. செங்காந்தளின் எல்லாப் பகுதியிலும் விஷம் உண்டு. கிழங்கிலும் விதையிலும் மிகுதி. இலங்கையில் இதைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று தவறாக எண்ணிச் சமைத்து உண்டு உயிரிழந்தவர்கள் உண்டு. உண்ட சில மணி நேரத்தில் தொண்டை எரிச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கும். பின் உடலின் பல உறுப்புகளும் பாதிக்கப்படும். பிழைத்தவர்களுக்கும் சில நாட்களில் தலைமுடி கொட்டிவிடுவதுண்டு.

ஆகவே கிழங்கைச் சமையலறைக் கிழங்குகளோடு சேர்த்து வைக்கக் கூடாது. பூச்சிமருந்தைப் போலவே தனியாகப் பூட்டி வைத்து, "விஷக் கிழங்கு" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். தோண்டும்போதும் விதை பிரிக்கும்போதும் கையுறை போட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஆடு மாடுகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பூ அழகாக இருக்கிறது என்று குழந்தைகள் பறித்து விளையாடப் பார்ப்பார்கள், அருகில் விடாதீர்கள்.

யாரேனும் உண்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலும், அறிகுறி தெரியட்டும் என்று காத்திராமல், கைவைத்தியத்தில் நேரம் போக்காமல், 108-க்குத் தகவல் சொல்லி உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். உண்ட கிழங்கின் மிச்சம் ஒரு துண்டை உடன் எடுத்துச் சென்றால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். சித்த மருத்துவத்தில் இதைச் சுத்தி செய்து பயன்படுத்துவார்கள். அது கற்றுத் தேர்ந்த மருத்துவர் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

அனகாபுத்தூர் உழவருக்கு

இங்குள்ளவர்கள் கேட்கலாம்: "எங்களுக்கு இருப்பது அரை ஏக்கர், கால் ஏக்கர். அதுவும் வீட்டுமனைகளுக்கு நடுவில். இதைக் கேட்டு நாங்கள் என்ன செய்ய?"

நியாயமான கேள்விதான். இந்த ஊர் 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. 2015-இல் அடையாறு பெருக்கெடுத்து வந்ததை இங்கு யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆற்றை ஒட்டி, வெள்ளம் நிற்கும் நிலம் உடையவர்கள் செங்காந்தளைப் பயிராக நினைக்கவே வேண்டாம். ஒரு வெள்ளத்தில் கிழங்கு முழுவதும் அழுகிவிடும். சுற்றிலும் குழந்தைகள் நடமாடும் தெருக்களுக்கு நடுவே விஷப் பயிரைத் தோப்பாக வைப்பதும் தகாது. இந்த ஊர்களுக்கு இதைப் பயிராக நான் சிபாரிசு செய்யவில்லை.

ஆனால் வேறொரு காரியம் உங்களால் மட்டுமே ஆகும். இந்தச் சுற்று வட்டாரத்தில் ஒரு புதர் இருந்த இடம் மறுவருடம் மனையாகிறது. மண் அள்ளும் இயந்திரம் வரும்போது நிலத்துக்கடியில் உறங்கும் கிழங்கு யாருக்கும் தெரிவதில்லை, மண்ணோடு போய்விடுகிறது. பாட்டன் காலத்து வேலி எங்கே இருந்தது, அதில் காந்தள் எந்த மூலையில் படர்ந்தது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். ஆகவே இப்படிச் செய்யுங்கள்.

1. ஐப்பசி, கார்த்திகையில் பூ இருக்கும்போதே அதன் அடியில் ஒரு குச்சியை ஆழமாக ஊன்றி அடையாளம் வையுங்கள். கொடி காய்ந்த பிறகு தேடினால் கிடைக்காது.

2. நிலம் உங்களுடையதாக இருந்து, அது கை மாறாது என்றால் தோண்டவே வேண்டாம். வேலி வெட்டும்போது அந்த மூலையை மட்டும் விட்டுவிடுங்கள். காயைப் பறிக்காமல் விட்டால் விதை உதிர்ந்து மெதுவாகப் பெருகும்.

3. நிலம் மனையாகப் போகிறது என்று உறுதியானால், உரிமையாளரின் சம்மதத்தோடு, கொடி முழுவதும் காய்ந்த பின் மாசி, பங்குனியில் குச்சியைச் சுற்றி ஒரு அடி தள்ளி மண்ணைத் தளர்த்திக் கிழங்கை எடுங்கள். கடப்பாறை வேண்டாம், கிழங்குக்கு அருகில் வந்ததும் கையாலேயே மண்ணை விலக்குங்கள். நுனிதான் உயிர் என்பதை மறவாதீர்கள்.

4. எடுத்த கிழங்கை நீர் தெளிக்காமல், காய்ந்த மணலில் பரப்பி, நிழலில் பூட்டிய இடத்தில் வையுங்கள். ஆடியில் மேடான மூலையிலோ, அடியில் துளையுள்ள பெரிய தொட்டியிலோ, செம்மண், மணல், மக்கிய எரு கலந்து நடுங்கள். ஏற ஒரு குச்சி போதும். மழை பெய்யும் நாட்களில் நீர் ஊற்ற வேண்டாம்.

5. அடுத்த ஆண்டு ஒன்று இரண்டானால், ஒன்றை இதே கவனம் உள்ள இன்னொரு உழவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது விஷம் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். பள்ளிக்கூடத் தோட்டத்துக்கு வேண்டாம்.

இதில் காசு வராது. ஒரு கிழங்கைக் காப்பாற்றினால் ஒரு கிழங்குதான் மிச்சம். ஆனால் முன்பு சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு இரண்டாக மட்டுமே பெருகும் செடிக்கு, இன்று காப்பாற்றிய 10 கிழங்குகள் பத்தாண்டு கழித்து ஆயிரக்கணக்கில் ஆகக்கூடும். இன்று விட்டுவிட்ட 10 கிழங்குகளை எந்த நாற்றங்காலிலும் ஒரே பருவத்தில் உண்டாக்கித் தர முடியாது.

மூலனூரிலோ வேதாரண்யத்திலோ உங்களுக்கு உறவினர் இருந்து, அவர்கள் இந்தப் பயிரில் இறங்கப் போவதாகச் சொன்னால், இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். கிழங்கு எங்கிருந்து வருகிறது, காடா தோட்டமா? விதையை வாங்குவது யார், எழுத்தில் உண்டா? இரண்டுக்கும் நல்ல பதில் இருந்தால் நடட்டும். ஐயம் இருந்தால் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுத் தெளிந்த பிறகு நடட்டும்.

வரும் கார்த்திகையில் உங்கள் ஊர் வேலிகளை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எங்காவது ஒரு காந்தள் பூத்திருந்தால் அதன் அடியில் குச்சி ஊன்ற மறவாதீர்கள்.